பெர்லினில் ஒரு பள்ளிச் சேர்க்கைப் படலம்

பெர்லின்,
ஜூன் மாதம்

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மச்சான் மகளை விருத்தாசலம் பக்கம் புதிதாக போர்டு மாட்டியிருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். “நீதான் நிஜ இன்டர்நேஷனல்லயே இருக்கியே, விவரம் சொல்லு” என்று வேறு. இங்கே உங்கள் பேரனை முதல் வகுப்பில் சேர்க்க உங்கள் மகளும் நானும் பட்ட பாட்டை எழுதுகிறேன். அதற்குப் பிறகு முடிவு உங்கள் கையில்.

காசு வாங்கும் இன்டர்நேஷனல் பள்ளிகள் இங்கேயும் உண்டு. பல பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 10,000 யூரோவைத் தாண்டும். அந்தப் பக்கமே நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. நாங்கள் குறிவைத்தது அரசாங்கமே நடத்தும் இருமொழிப் பள்ளி. 1992-ல் பெர்லின் அரசு ‘ஐரோப்பியப் பள்ளி’ என்று தொடங்கிய திட்டம் இது. ஒரு மொழி ஜெர்மன். இன்னொன்று ஆங்கிலமாகவோ, பிரெஞ்சாகவோ, கிரேக்கமாகவோ, துருக்கியாகவோ இருக்கும். கணக்குப் பாடம் ஜெர்மனில், சுற்றுப்புறப் பாடம் மற்ற மொழியில். வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மன் பேசி வளர்ந்த பிள்ளைகள், மீதிப் பாதி அடுத்த மொழி பேசி வளர்ந்தவர்கள். ஒருவர் வாயைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. கட்டணமும் கிடையாது. ஆறாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடுகூட 2019 முதல் இலவசம். எம்.ஜி.ஆர். 1982-லேயே சத்துணவு போட்டுவிட்டார் என்று இங்கே ஒரு ஜெர்மன் நண்பரிடம் சொன்னேன். அந்த எம்.ஜி.ஆர். எந்தக் கட்சி என்று கேட்டார். எங்கிருந்து தொடங்குவது, சொல்லுங்கள்?

முதலில் ஃபாரம். நமக்கு இனிஷியல், இவர்களுக்குக் குடும்பப் பெயர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆகவே என் அப்பா பெயரே குடும்பத்துக்கே பெயராகிவிட்டது. அலுவலகத்தில் “ஃபிராவ்” என்று மரியாதை சேர்த்து எங்கப்பா பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூசும் அத்தை வளர்த்த பெண், விருட்டென்று எழுந்து “யா” என்கிறாள்.

அடுத்து ஊசிச் சீட்டு. தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாமல் 2020 மார்ச் முதல் எந்தப் பள்ளியிலும் நுழைய முடியாது. நம் ஊர் நர்ஸம்மா மஞ்சள் அட்டையில் கிறுக்கிக் கொடுத்ததை இங்குள்ள டாக்டர் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அப்புறம் சுகாதாரத் துறையின் பரிசோதனை. பையன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிக்க வேண்டும், படம் வரைய வேண்டும், காதும் கண்ணும் பார்ப்பார்கள். உங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ‘அஞ்சு வயசு ஆச்சு’ என்று சேர்த்துக்கொண்டார்களே, அதே சோதனை ஒரு காலத்தில் ஜெர்மனியிலும் இருந்தது. இவர்கள் அதற்கு ‘பிலிப்பைன் அளவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பெயரில் கம்மாபுரம் அளவு என்று வைத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் மொழிச் சோதனை. நாங்கள் கேட்டிருந்தது ஆங்கிலம்–ஜெர்மன் பள்ளியில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கான இடம். உங்கள் மகள் ஒரு மாதமாக வீட்டில் தமிழுக்குத் தடை போட்டிருந்தாள். “கம்”, “சிட்”, “ஈட்”, “டோன்ட் டச்”, “ஷூ போடு” என்று வீடு முழுக்க ஆங்கிலம். கவனித்தீர்களா, எல்லாமே கட்டளை. நாம் பிள்ளைகளிடம் பேசும் ஆங்கிலமே அவ்வளவுதான். கொஞ்ச, கோபிக்க, கதை சொல்ல எல்லாம் தமிழ்தான் வருகிறது.

சோதனை செய்த அம்மாள் ஏ பி சி டி கேட்கவில்லை, ரைம்ஸ் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு படப் புத்தகத்தை விரித்து, “இதில் என்ன நடக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். படத்தில் ஒரு மண்வாரி இயந்திரம். உங்கள் பேரன் உற்றுப் பார்த்து, “டிரக்” என்றான். அத்தோடு சரி. அடுத்து ஜெர்மனில் அதே கேள்வி. அவ்வளவுதான், மடை திறந்தது. தாத்தா தன்னை டி.வி.எஸ். 50-ல் முன்னால் நிற்க வைத்து நெய்வேலிக்குக் கூட்டிப்போனதும், அங்கே சுரங்கத்தில் வீட்டைவிடப் பெரிய சக்கரம் மண்ணை வாரி வாரிக் கொட்டியதும், தாத்தா டீக்கடையில் தனக்கு வடை வாங்கித் தந்ததும், அதைப் பாட்டியிடம் சொல்லக்கூடாது என்றதும், எல்லாம் ஜெர்மனில்! (அத்தை இதைப் படிப்பார்கள் என்று தெரியும். மன்னிக்கவும்.) இங்கே மழலையர் பள்ளியில் சண்டை போட்டே ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டு, அவ்வளவு பெரிய இயந்திரம் இந்தியாவில் எங்கே என்று என்னைக் கேட்டார். நெய்வேலிச் சக்கர இயந்திரங்கள் உங்கள் நாட்டிலிருந்து வந்தவைதான் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

முடிவு: ஆங்கிலம் பேசும் பிள்ளை என்று நாங்கள் கொண்டுபோன பையனை ஜெர்மன் பேசும் பிள்ளைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கென்னவோ நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் உங்கள் பீங்கான் சூளையில் அடிக்கடி சொல்வீர்களே, பிஸ்கட் என்கிற முதல் சூட்டில் சரியாக வேகாத பொம்மையில் எவ்வளவு கிளேஸ் பூசினாலும் நிற்காது என்று. எங்கள் வீட்டு ஆங்கிலம் அந்தப் பூச்சுதான்.

இந்த இடத்தில், ஜெர்மனியிலிருந்து நம் பக்கம் வந்த பாதிரியார் சீகன்பால்குவை நினைத்துக்கொண்டேன். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. உள்ளூர் வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ போட்டுத் தமிழ் படித்தார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தே விட்டார். அவரிடம் யாரும் ஃபாரம் கேட்கவில்லை, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

ஜெர்மன் பட்டியலில் கூட்டம் அதிகம். ஆகவே குலுக்கல். நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இடத்துக்குக் குலுக்குகிறார்களே, அதுபோலத்தான். நம் சீட்டு விழவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம். இதற்கென்றே இங்கே வக்கீல்கள் இருக்கிறார்கள், பள்ளி இடத்துக்காக வழக்குப் போடுவது பெர்லினில் சாதாரணம். உங்கள் மகள் ஒரு வக்கீல் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள். நான் தெருமுனையில் இருக்கும் சாதாரண அரசுப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியட்நாம், சிரியா, போலந்து, துருக்கி என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஓடுகிறார்கள். போர்டில் மட்டும் ‘இன்டர்நேஷனல்’ என்று இல்லை. சனிக்கிழமைகளில் ஈழத்தமிழர்கள் நடத்தும் தமிழாலயத்துக்குப் பையன் போகிறான். இப்போது என்னிடம் “ஓம் அப்பா, பிறகு கதைப்பம்” என்கிறான். போனில் கேட்டுத் திகைக்காதீர்கள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிக்குப் போனால் நீச்சல் குளத்தையும் ஏ.சி. வகுப்பையும் காட்டுவார்கள், பார்த்துவிட்டு நகருங்கள். இடைவேளை நேரத்தில் போய் நில்லுங்கள். டீச்சர்கள் தங்களுக்குள் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள், பிள்ளைகள் என்ன மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுங்கள். தமிழில் பேசினால் அபராதம் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். பிள்ளையை உட்கார வைத்து இன்டர்வியூ எடுத்தால், 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மச்சானை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள், அவன் சத்தம் போடுவான். விண்ணப்பப் பணம் திரும்ப வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இங்கே முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தன் உயரத்தில் பாதிக்குமேல் இருக்கும் ஒரு காகிதக் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் போட்டுக் கொடுப்பது வழக்கம். எந்தப் பள்ளியானாலும் கூம்பு உண்டு. அதில் போட முறுக்கு அனுப்புவதாக அத்தை சொன்னார்களாம். முறுக்கு வந்து சேர்வதற்குள் தூளாகிவிடும். பொருள்விளங்கா உருண்டை அனுப்பச் சொல்லுங்கள், அது விமானத்திலிருந்து விழுந்தாலும் உடையாது. ஆனால் பேரனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, கொஞ்சம் சின்னதாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்