அந்தக் காலத்துச் சண்டையே சண்டை: நீலாய் வட்டார ரசிக மனம் குறித்து ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலானின் நீலாயைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கம்பளத்தோடும் விமான நிலையத்தோடும் நின்றுவிட்டார்கள். நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகளின் பேரம் பதிவாகியிருக்கிறது. 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு பால்மரக்காடும் செம்பனையும் தாமான்களாக மாறிய கதையும் பதிவாகியிருக்கிறது. ஆனால் லாபு, பாஜம், பத்தாங் பெனார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அந்தத் தாமான்களுக்குக் குடிவந்த தமிழ் ஆண்கள், மாலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே ஒருமனதாக வந்து சேரும் ஒரு முடிவை அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. "இப்ப என்னா சண்ட போடுறானுங்க? அந்தக் காலத்துச் சண்டதான் சண்ட." இந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வு முறை எளிமையானது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் மேசை மாறி உட்காரச் சொல்வார்கள், அந்த மேசைக்கான பணத்தையும் ஆய்வாளரே கட்ட நேரும்.

முதற் சிக்கல் காலக்கணிப்பு. 'அந்தக் காலம்' எது? தொல்லியலாளர் குழி தோண்டுவதுபோல் மேலிருந்து கீழாகப் போனால்தான் இதற்கு விடை கிடைக்கிறது. மேலடுக்கில் இருப்பவர்கள் நாற்பதைத் தாண்டிய தம்பிமார்கள். இவர்களுக்கு அந்தக் காலம் 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்தது. யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைத் தொடரின் முதல் போட்டி அது. எடைப் பிரிவு கிடையாது. கையுறை கட்டாயமில்லை. கடிக்காதே, கண்ணைத் தோண்டாதே, மற்றபடி உன் சாமர்த்தியம். முதல் சண்டையிலேயே டச்சுக்காரர் ஜெரார்ட் கோர்டோ, சுமோ வீரர் டீலா டூலியின் முகத்தில் உதைத்ததில் பல் பறந்தது. 26 விநாடியில் எல்லாம் முடிந்தது. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கை குத்துவதற்கு, இன்னொன்று பிடிப்பதற்கு என்பது அவர் கணக்கு. குத்தவும் இல்லை, பிடிக்கவும் இல்லை; தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துபோனார். அவரைக் கவிழ்த்த பிரேசில்காரர் ஹோய்ஸ் கிரேசி சுமார் 80 கிலோ எடையுள்ள ஒல்லி மனிதர். ஒரே இரவில் மூன்று பேரைச் சாய்த்து 50,000 டாலரை வாங்கிக்கொண்டார். மூன்று சண்டைக்கும் சேர்த்து அவர் செலவழித்த நேரம் ஐந்து நிமிடம்கூட வராது.

தம்பிமார்கள் இதை நேரலையில் பார்க்கவில்லை. கைமாறிக் கைமாறிக் கோடு விழுந்த வீடியோ கேசட்டில் பார்த்தார்கள். நல்ல இடத்தில் படம் குதித்துப் போய்விடும். குதித்துப் போன பகுதியில் என்ன நடந்தது என்பதை அவரவரே நிரப்பிக்கொண்டார்கள். இந்த ஆய்வின் போக்கைத் தீர்மானிப்பது அந்த நிரப்பல்தான்.

அடுத்த அடுக்கில் இருப்பவர்கள் ஓய்வு பெற்ற அண்ணன்மார்கள். முகமது அலி 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்று மோதிப் புள்ளிக்கணக்கில் வென்றதுதான் இவர்களின் ஆண்டுக்கணக்குக்குத் தொடக்கம். மறு வருடமே, 1976 ஜூன் 26 அன்று, அதே அலி தோக்கியோவில் மல்யுத்தக்காரர் அந்தோனியோ இனோக்கியோடு மோதினார். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் உலகமே பார்க்க ஒரே மேடையில் ஏறின என்பதால், கலப்புச் சண்டையின் பிறந்தநாள் அதுவே என்று இவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தம்பிமார்களின் 1993-ஐ இவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அடிமட்ட அடுக்கு பெரியப்பாமார்களுடையது. அங்கே கிங்காங்கும் தாராசிங்கும் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். கிங்காங் என்று அறியப்பட்ட எமில் சாயா ஹங்கேரிக்காரர். மலாயா, சிங்கப்பூர், இந்தியா எங்கும் குஸ்தி மேடைகளை நிறைத்தவர். 1955-இல் ஆசியப் பட்டத்துக்காகத் தோக்கியோ போய் ரிக்கிடோசானிடம் தோற்றவர். சாலை விபத்துக்குப் பின் 1970-இல் சிங்கப்பூரில் இறந்தவர். தாராசிங் 1940-களின் இறுதியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்து குஸ்தி கற்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயா சாம்பியன் ஆனார். தாராசிங் கிங்காங்கை அலாக்காகத் தூக்கி மேடைக்கு வெளியே எறிந்தார் என்பதே இந்த அடுக்கின் மூலக்கதை. எறிந்த இடம் ஒருவருக்குச் சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்ட், இன்னொருவருக்குக் கோலாலம்பூர் பிபி பார்க், மூன்றாமவருக்குப் பினாங்கு. எறிந்தது மட்டும் உறுதி.

இங்கேதான் இக்கட்டுரை தன் முதல் கண்டுபிடிப்பை அடக்கத்தோடு முன்வைக்கிறது. 'எதிராளி எடைப் பெருக்க விதி' என்று இதற்குப் பெயரிடலாம். கதையில் தோற்றவரின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடும். வென்றவரின் எடை குறையும். கிங்காங் உயிரோடிருந்தபோது 180 கிலோவை ஒட்டியவர். இன்று சில மேசைகளில் 300-ஐத் தாண்டிவிட்டார், செத்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் தீனி குறையவில்லை. கிரேசியோ இளைத்து இளைத்து 60 கிலோவுக்கு வந்திருக்கிறார். விதியை உண்மை முந்திக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு: 1994-இல் மூன்றாவது யு.எஃப்.சி.யில், தம் எதிராளியைவிட மூன்று மடங்கு கனமான, சுமார் 270 கிலோ எடையுள்ள இமானுவேல் யார்ப்ரோவை கீத் ஹாக்னி இரண்டே நிமிடத்தில் அடித்துச் சாய்த்தார். இந்தக் கதையில் கூட்டிச் சொல்ல இடமில்லாததால் நீலாயில் யாரும் இதைச் சொல்வதில்லை.

'குஸ்தியில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள், அது நிஜச் சண்டை ஆகாது' என்று ஒரு கல்லூரி மாணவன் ஒருமுறை வாயைத் திறந்தான். பெரியப்பா தே தாரிக்கைக் கீழே வைத்தார். "பேசி வச்சாங்கன்னே வெச்சுக்கோ. தூக்குனது பேசியா தூக்குனான்? கையாலதான தூக்குனான்?" துறை வல்லுநர் எவரிடமும் இதற்கு மறுப்பு கிடையாது.

இந்த மனநிலை தோட்டத்துக்கு மட்டும் உரியதென்று நினைப்பது வரலாற்றுப் பிழை. சோழ இளவரசன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றின் 80-ஆம் பாட்டு. எந்தக் கால் மார்பின் மேல், எந்தக் கால் முதுகுப் பக்கம் என்கிற அளவுக்கு நுணுக்கமான வருணனை அது. வீடியோ கேசட் இல்லாத குறையே தெரியாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. மகனோடு பகைத்துப் பிரிந்திருந்த தந்தை தித்தன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். 'நீ பாக்கலையே' என்று பார்க்காதவனைக் குத்திக்காட்டும் ரசிகனின் முதல் ஆவணம் இதுவாகத்தான் இருக்கும். அதே வீரனை மனத்தில் வரித்துக்கொண்ட நக்கண்ணையார் 85-ஆம் பாட்டில், வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும் இல்லை என்று மறுசாராரும் நின்றதைப் பதிவு செய்கிறார். நடுவர் தீர்ப்பு பற்றிய சர்ச்சையின் வயது இரண்டாயிரம் ஆண்டு. மல்லனின் எடையைத்தான் யாரும் குறித்து வைக்கவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்துச் சண்டை உண்மையிலேயே நன்றாக இருந்ததா? சான்றுகள் சங்கடமானவை. அலியோடு மோதிய 15 சுற்றிலும் இனோக்கி பெரும்பாலும் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் காலை உதைத்தார். அலி விட்ட குத்துகளை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சண்டை சமன். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் கையில் கிடைத்ததை மேடையை நோக்கி வீசினார்கள். 1995-இல் ஐந்தாவது யு.எஃப்.சி.யில் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் ஒருவரை ஒருவர் இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். அதுவும் சமன். தம்பிமார்களிடம் இந்தச் சண்டையைக் கேட்டால் கேசட் அந்த இடத்தில் அறுந்துபோனதாகச் சொல்கிறார்கள்.

சண்டை நன்றாக இருந்ததால் மனம் அங்கே ஒட்டிக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. அங்கே ஒரு கேள்வி இருந்தது. லயத்து வாசலில் பையன்கள் விடிய விடிய அடித்துக்கொண்ட கேள்வி: சுமோக்காரனும் கராத்தேக்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார்? புரூஸ் லீயும் தாராசிங்கும் மோதினால்? விடை தெரியாத வரை எல்லாருமே அதில் நிபுணர்கள். டென்வரில் அந்தக் கேள்வி மேடை ஏறியது. தரையில் மல்லாந்து கிடப்பவன் தோற்கவில்லை என்ற விடையும் கிடைத்தது. அதன் பிறகு சண்டைக்காரர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் கற்றார்கள். அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இந்தக் கலப்புச் சண்டையை மனிதச் சேவல் சண்டை என்று சாடித் தடை செய்யக் கோரினார்; 1997-இல் எடைப் பிரிவும் கையுறையும் வந்தன. இன்று கூண்டுக்குள் மோதும் இருவரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். யார் கெட்டிக்காரன் என்றுதான் கேட்கலாம், எந்த வித்தை பெரிது என்று கேட்க முடியாது. ஒட்டுக்கடையின் பிழைப்பில் மண் விழுந்தது அப்போதுதான்.

இந்தக் காலத்துக்காரர்கள் பலவீனமானவர்கள் என்பது மட்டும் ஒத்துக்கொள்ள முடியாத வாதம். கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்த அகிலன் தானி, உடம்பைக் குறைக்கப் பயிற்சிக்கூடத்துக்குப் போய்க் கலப்புச் சண்டைக்காரர் ஆனவர். 2017-இல் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரெனோடு மோதி முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனால் 2019-இல் ஷாங்காயில், ஜப்பானின் பழைய நாள் நட்சத்திரம் யோஷிஹிரோ அக்கியாமாவை ஒருமித்த தீர்ப்பில் வென்றார். அந்தக் காலமும் இந்தக் காலமும் நேருக்கு நேர் மோதி, இந்தக் காலம் ஜெயித்த நாள் அது. நம் பக்கத்துப் பையன் என்பதால் பெரியப்பாமார்களுக்கும் மகிழ்ச்சிதான். அக்கியாமாவுக்கு வயது 43 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் மகிழ்கிறார்கள்.

சிலம்பம் பற்றியும் ஒரு சொல். தோட்டத்துச் சிலம்ப ஆசானை 1993-இல் டென்வருக்கு அனுப்பியிருந்தால் கிரேசி கிரேசியாக இருந்திருக்க மாட்டார் என்பது இவ்வட்டாரத்தின் நிலைத்த கோட்பாடு. அங்கே ஆயுதத்துக்கு அனுமதி இல்லையே என்றால், குத்துவரிசை போதும் என்பார்கள். யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் இந்தக் கோட்பாட்டுக்கு அழிவில்லை.

ஒரு வேண்டுகோள். மெர்டேக்கா அரங்கில் அலியைப் பார்த்தபோது இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கிங்காங்கை மேடையில் பார்த்தவர்கள் அதைவிட மூத்தவர்கள், அவர்களில் எஞ்சியிருப்பவர்கள் சொற்பம். உங்கள் தாமானில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரக் கடைசியிலேயே உட்கார வைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். டிக்கெட் விலை, போன வண்டி, கூடப் போனவர்கள் பெயர் எல்லாவற்றையும் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை கைப்பேசியில் யூடியூபைத் திறந்து சரிபார்க்க வேண்டாம்.