ரைப் அடிக்கிற பிள்ளையைக் கேள், ராசா

வா ராசா, உந்தக் கதிரையை இழுத்துப் போட்டிரு. கறுப்புக் கோட்டைக் கழட்டி ஆணியில கொழுவு, வேர்த்து வடியுது. வழக்குச் சோலியெண்டால் நீ என்னட்டை வரமாட்டாய். உந்தப் புதுக்கடைக் கோட்டடியில சட்டம் சொல்ல ஆளுக்கோ பஞ்சம். உன்ர கந்தோர் மேசைக்குக் கீழ தூசி பிடிச்சுக் கிடக்கிற கொம்பியூட்டர் பெட்டியை என்ன செய்யிறதெண்டு கேக்கத்தானே வந்தனி? பழைய நொத்தாரிசுக் கிளாக்கரிட்டை லினக்ஸ் கேக்கிற காலம் வந்திட்டுது பார். சொல்லுறன், கேள். பீஸ் வேண்டாம், ஒரு பிளேன்ரீ வாங்கித் தா.

2025 ஒக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10 இன்ர கதை முடிஞ்சுது. பாதுகாப்பு ஒட்டுகள் இனி முந்தி மாதிரித் தன்பாட்டில வராது. "வேணுமெண்டால் இன்னொரு வருஷத்துக்குத் தவணை தாறம்" எண்டு மைக்ரோசொப்ட்டும் உங்கட கோட்டுப் பழக்கத்தைப் பழகியிட்டுது. சரி, விண்டோஸ் 11 ஐப் போடுவம் எண்டால், ரீபிஎம் 2.0 இருக்கோ, இன்டெல் 8 ஆம் தலைமுறையோ எண்டு குறுக்கு விசாரணை. உன்ர பெட்டி, உனக்கு முந்தி அந்த அறையில இருந்த சீனியர் ஐயாவின்ர காலத்துப் பெட்டி. முதல் கேள்வியிலயே விழுந்துபோகும். உள்ள இருக்கிற விண்டோஸ் காசு குடுத்து வாங்கினதோ எண்டு நான் கேக்கேல்லை, நீ முழுசாதை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பதிப்புரிமை குடுக்குது எண்டது உனக்குத் தெரியாமலோ? சட்டக் கல்லூரி உந்தா, கூப்பிடு தூரத்தில.

ஆகத்தான் லினக்ஸ். சும்மா கிடைக்குது, சட்டத்துக்கும் பயப்பிடத் தேவையில்லை. எந்த லினக்ஸ் எண்டு நீ நாலு பேரிட்டைக் கேட்டிருப்பாய். நாலு பேரும் சேர்ந்து ஆறு பதில் சொல்லியிருப்பினம்.

வெள்ளவத்தையில கம்பஸ் முடிச்ச பெடியன் ஒருத்தன் இருப்பான். தான் ஆர்ச் பாவிக்கிறன் எண்டு ஆரும் கேக்காமலே சொல்லுவான். ஒவ்வொரு துண்டாக் கட்டளை அடிச்சு அடிச்சு அதைப் போட்டு முடிச்ச பெருமை அவனுக்கு. 2021 இல இருந்து கேள்வி கேட்டுக் கேட்டு ஆர்ச்சைப் போட்டுத் தாற நிரல் ஒண்டு அதோடயே வருது. அதைத்தான் தானும் பாவிச்சனான் எண்டு சொல்ல அவனுக்கு வெக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இன்னொருத்தன் காளி லினக்ஸைப் போடு எண்டுவான். முகத்துவாரத்தில இருக்கிற காளி வேற, உது வேற. உது பாதுகாப்புச் சோதனை செய்யிறவையின்ர ஆயுதப்பெட்டி. லினக்ஸ் பழகாத ஆக்கள் இதோட தொடங்கவேண்டாம் எண்டு அதைச் செய்தவையே எழுதி வைச்சிருக்கினம். இவன் அதை வாசிக்கேல்லை, பக்கத்து வீட்டு வைபையிலதான் கண். பேந்து டெபியன்காரர். அவர் அவசரப்படமாட்டார். ரெண்டு வருஷத்துக்கொருக்கால் ஒரு பதிப்பு வரும், 2025 ஓகஸ்டில 13 ஆவது வந்தது, அது அசையாது, தானும் அசையமாட்டார். பெடோராக்காரன் கடைசியா வருவான்: லினக்ஸைச் செய்த தோர்வால்ட்ஸே பாவிக்கிறது பெடோரா எண்டு. தோர்வால்ட்ஸ் நொத்தாரிசு இல்லையே, தம்பி.

ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. தங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுகினம். கட்சிக்காரனை வாங்கில இருத்தி வைச்சுக்கொண்டு மூண்டு மணிக்குள்ள உறுதி முடிக்கிறவன் மட்டும் அதுக்குள்ள ஒருத்தனும் இல்லை.

எனக்கு ஒரு டிஸ்ட்ரோவின்ர, அதுதான் லினக்ஸில ஒரு வகையின்ர, பெயரைச் சொன்னால் முதல்ல மூல உறுதியைத் தேடுவன். கந்தோர்ப் புத்தி, போகுதில்லை. மின்ட் எண்டு ஒண்டு சொல்லுறாங்கள், 2006 இல வந்தது. ஆரிட்டை இருந்து வந்தது? உபுண்டுவிட்டை. உபுண்டு 2004 ஒக்டோபரில வெளிவந்தது, தென்னாபிரிக்காவில பிறந்த மார்க் ஷட்டில்வேர்த் தன்ர காசைப் போட்டுத் தொடங்கினது. அந்த நாளில விலாசம் குடுத்தால் சீடியைத் தபாலில சும்மா அனுப்பினவை, 2011 இல நிப்பாட்டிப்போட்டினம். அதுக்கு முந்தின உறுதி டெபியன், 1993 ஓகஸ்ட். முடிச்சவன் இயன் மர்டொக் எண்ட பெடியன். காதலி டெப்ராவின்ர பெயரையும் தன்ரயையும் ஒட்டித்தான் அந்தப் பெயரே எழுதினவன். அதுக்கங்கால தேடத் தேவையில்லை, அது தோம்பில நிக்கிற காணி. காணியைப் பங்கு பிரிச்சால் ஆளுக்கு அரைப் பரப்பு மிஞ்சும். உதில குடுத்தவனுக்கும் முழுக்காணி, வாங்கினவனுக்கும் முழுக்காணி. அதாலதான் இவ்வளவு டிஸ்ட்ரோ. வேலிச் சண்டை மட்டும் குறையேல்லை.

உரித்துத் தேடுறதில ஒரு பிரயோசனம் இருக்கு. மின்டில ஒரு கோளாறு வந்தால் உபுண்டுவுக்குச் சொன்ன மருந்து அநேகமாப் பலிக்கும், டெபியனுக்குச் சொன்னதும் பாதி பலிக்கும். ஆரும் கேள்விப்படாத டிஸ்ட்ரோவைப் போட்டியோ, உனக்கு முந்தி அந்த வருத்தம் வந்தவன் ஒருத்தனும் இருக்கமாட்டான்.

இனி முகம். டிஸ்ட்ரோ உள்ள கிடக்கும், டெஸ்க்டொப்தான் கண்ணுக்கு முன்னால நிக்கும். சண்டையும் அங்கதான் கூட. 1996 இல மத்தியாஸ் எட்ரிச் எண்ட ஜேர்மன் மாணவன் கேடிஈயைத் தொடங்கினான். வடிவான சாமான். ஆனா அது நிண்ட அத்திவாரம் நோர்வேக் கம்பனி ஒண்டின்ர கியூட்டி எண்ட சரக்கு. அதின்ர அனுமதிப்பத்திரம் முழுச் சுதந்திரமில்லை எண்டு ஆட்சேபணை. 1997 இல ரெண்டு மெக்சிக்கோப் பெடியள் அதுக்கு எதிரா க்னோமைத் தொடங்கிச்சினம். 2000 ஆம் ஆண்டு கியூட்டியும் திறந்த அனுமதிக்கு வந்திட்டுது. வழக்குத் தீர்ந்துது, வீடு ரெண்டாவே நிண்டிட்டுது. உங்கட தொழிலில இது புதினமில்லை.

2011 ஏப்ரல் வந்தது பார் கூத்து. க்னோம் மூண்டாம் பதிப்பு வெளிவந்தது. கீழ இருந்த பட்டையைக் காணேல்லை. யன்னலைச் சின்னனாக்கிற பொத்தானைக் காணேல்லை. ஏன் கழட்டினீங்கள் எண்டால், உங்களுக்கு அது தேவையில்லை எண்டு விளக்கம். தோர்வால்ட்ஸுக்கே ஏறியிட்டுது, திட்டிப்போட்டு எக்ஸ்எப்சிஈ எண்ட இன்னொரு முகத்துக்குப் போனவர், ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்ப க்னோமுக்கு வந்தவர் எண்டது வேற கதை. உபுண்டுவும் அதே வருஷம் யூனிட்டி எண்டு தன்ர முகத்தை மாத்தி, 2017 இல அதைக் கைவிட்டுத் திரும்பவும் க்னோமுக்கே வந்தது. பழசைக் காப்பாத்த வேணுமெண்டு ஆர்ஜென்டினாக்காரன் ஒருத்தன் க்னோம் ரெண்டை எடுத்து மாத்தே எண்டு வளர்த்தான். மின்ட்காரர் தங்கட பாட்டுக்குச் சினமனைச் செய்திச்சினம்: கீழ பட்டை, இடப்பக்க மூலையில பட்டியல், வலப்பக்கம் மணிக்கூடு. எது எங்க இருக்கும் எண்டு உன்ர கை நினைக்குதோ அங்கயே இருக்கும்.

சினமன் எண்டால் கறுவா, அந்தப் பெயரைக் கேட்டவுடன எனக்கு ஒரு சிரிப்பு. கறுவாவுக்காகக் கப்பலேறி வந்த ஒல்லாந்தரின்ர தளபதி ஹுல்ஃப்ட், போர்த்துக்கேயரிட்டை இருந்து கொழும்பைப் பிடிக்கிற முற்றுகையில 1656 இல சூடுபட்டுச் செத்தவன். உந்தத் தெருவுக்கு ஹல்ஸ்டோர்ப் எண்டு அவன்ர பெயர்தான் இண்டைக்கும் பலகையில நிக்குது. இப்ப உன்ர பெடியன் பிளேன்ரீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சினமனைச் சும்மா இறக்கிறான். ஹுல்ஃப்ட் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

பகிடி போகட்டும். நீ என்னட்டைக் கேட்ட கேள்வியே பிழை. உன்ர கந்தோரில கொம்பியூட்டரில வேலை செய்யிறது ஆர்? நீயோ? நீ கதிரையில சாய்ஞ்சு, கண்ணை மூடி, "மேற்படி காணியின் வடக்கெல்லை" எண்டு வாயால சொல்லுவாய். அடிக்கிறது ரைப் அடிக்கிற பிள்ளை. ஆர்ச்சோ டெபியனோ எண்டு நீ கன்ரீனில வாதாடுறாய், அந்தப் பிள்ளையை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. யன்னலைச் சின்னனாக்கிற பொத்தான் இல்லாட்டில் அவதிப்படப்போறது அவ.

அவவுக்கு இருக்கிற கரைச்சல் டெஸ்க்டொப் இல்லை, பாமினி. உன்ர கந்தோரின்ர பழைய உறுதி, பிரேரணை, சத்தியக் கடதாசி எல்லாம் பாமினி எழுத்துருவில கிடக்கும். பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்து இருக்கிற இடங்களில தமிழ் வடிவத்தை ஒளிச்சு வைச்ச எழுத்துரு. அது இல்லாத மெசினில திறந்தால் சாவகச்சேரித் தென்னங்காணி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரியும். அதைக் கண்டிட்டுத்தான் பலபேர், லினக்ஸில தமிழ் வேலை செய்யாது எண்டு தீர்ப்பெழுதிப்போட்டு ஓடுறவை. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்குள்ளயும் கொப்பி பண்ணிப் போடு, லிப்ரே ஒப்பீஸில அப்பிடியே திறக்கும். பக்கம் முறியிற இடம் ஒண்டு ரெண்டு மாறலாம், உறுதியெண்டபடியால் அதை வடிவாப் பார்.

புதுசா அடிக்கிறதை யூனிகோட்டில அடிக்கட்டும். ஐபஸ், எம்17என் எண்டு ரெண்டு பொதி இருக்கு. போட்டால் தமிழ்99, ஒலிப்புமுறை, பழைய ரைப்ரைட்டர் முறை எண்டு வரிசையா வரும். 2008 இன்ர இலங்கைத் தரத்தில ஏறின ரெங்கநாதன் விசைப்பலகையும் அதுக்குள்ள கிடக்கு, சிங்களத்துக்கு விஜேசேகரவும் கிடக்கு. ஹெல்சிங்கியில தொடங்கின லினக்ஸுக்குள்ள ரெங்கநாதன் இருக்கிறார் எண்டு பெடியளுக்கு ஆரும் சொல்லுறதில்லை. லங்கா லினக்ஸ் பாவனையாளர் குழு செய்த சிங்கள எழுத்துருவும் டெபியனில, பெடோராவில எல்லாம் பொதியா வருது. எங்கட தீவார் கை வைக்காத இடமில்லை.

உடன நெஞ்சை நிமித்தாதை, அடுத்ததா உள்ளூர் டிஸ்ட்ரோ கேப்பாய் எண்டு தெரியும். ஹந்தானை எண்டு ஒண்டு இருந்தது. பேராதனைக்கு மேல நிக்கிற மலையின்ர பெயர், உள்ள பெடோரா. நல்ல முயற்சி. இண்டைக்குப் புதுக்கடையில அந்தப் பெயரைச் சொன்னால் மலை ஏறவோ எண்டு கேப்பினம். மூளை இல்லாமலில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவையையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய எங்கட பெடியள் சகானா எண்ட நிரலை எழுதிச்சினம், லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் பின்னால நிண்டது, அடுத்த வருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது போனது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதுக்குக் குடுத்தது. ஆனா டிஸ்ட்ரோ எண்டால் ஒருக்கால் செய்து விழா வைக்கிற சாமானில்லை. மாசா மாசம் பாதுகாப்பு ஒட்டு அனுப்ப ஆள் வேணும், பாவிக்கிறவனுக்குப் பக்கத்தில நிக்க ஆள் வேணும். கேரளத்தைப் பார். 2001 இல தொடங்கின ஐரி அற் ஸ்கூல் திட்டம் (2017 இல கைற் எண்டு கம்பனியாச்சு) அரசுப் பள்ளிக்கூடங்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, இண்டைக்கும் விடாமல் வைச்சிருக்கு. டிஸ்ட்ரோவின்ர மகிமையோ? இல்லை. முதல்ல வாத்திமாருக்குப் பழக்கிச்சினம், பேந்து பாடப்புத்தகத்தையும் சோதினையையும் அதிலயே வைச்சிச்சினம். இந்திய அரசின்ர சி-டாக் நிறுவனம் சென்னையில 2007 இல வெளியிட்ட பொஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். தமிழ்நாட்டு இலவச லப்டொப்பில விண்டோஸுக்குப் பக்கத்தில அதையும் போட்டுக் குடுத்தவை. பக்கத்தில விண்டோஸை வைச்சுப்போட்டு ஆரைப் பழகச் சொல்லுறது?

ஆனபடியால் என்ர தீர்ப்பைக் கேள். மின்ட் போடு. அது மூண்டு முகத்தோட வருது: சினமன், மாத்தே, எக்ஸ்எப்சிஈ. ராம் நாலு ஜிபி எண்டால் எக்ஸ்எப்சிஈ, எட்டு எண்டால் சினமன், அதுக்கு மேல யோசியாதை. 22 ஆம் வரிசை உபுண்டு 24.04 இல நிக்குது, 2029 வரைக்கும் ஒட்டு வரும். பழைய டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு ஒரு எஸ்எஸ்டி பூட்டு. டிஸ்ட்ரோவை மாத்திறதால வாற வேகத்தைவிட அதால வாறது கூட. உன்ர கந்தோருக்கு வந்து போற பெடியன் ஆர்ச்சையோ பெடோராவையோதான் திருத்தத் தெரிஞ்சவன் எண்டால், நான் சொன்னதை மறந்துபோட்டு அவன் சொல்லுறதைப் போடு. வாறவன் அவன், நான் வரமாட்டன்.

ஒண்டு மட்டும். அழிக்க முதல் பெண்டிரைவில போட்டு ஓட்டிப் பார். பிரின்டரில ஒரு கடதாசி அடி, ஸ்கானரில ஒரு அடையாள அட்டை எடு. எச்பி எண்டால் அநேகமா லேசா வேலை செய்யும், மற்றதுகளுக்கு முதல்லயே டிரைவர் தேடு. பேந்து ரைப் அடிக்கிற பிள்ளையை இருத்தி ஒரு முழு உறுதி அடிக்கச் சொல்லு, நீ தள்ளி நில். அவ ஓம் எண்டால், கோப்பெல்லாத்தையும் வேற டிஸ்க்கில ரெண்டு பிரதி எடுத்து வைச்சிட்டு விண்டோஸை அழி. அவ இல்லை எண்டால் அழியாதை.