சத்தம் போடாத பெட்டி

எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் ஒரு மெஷின் ஓடுகிறதென்றால் அது சத்தம் போட வேண்டும். மோட்டார் உறுமும், மிக்ஸி அலறும், ஃபிரிட்ஜ்கூட நடுராத்திரியில் ஒருதரம் இருமும். ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் முழுக்க எஸ்.எஸ்.டி. போட்ட, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் அம்மா கேட்டது: "இது ஓடுதா, இல்ல செத்துப்போச்சா?" மற்ற இடங்களில் நிசப்தத்துக்கு மதிப்பெண் கூடும். எங்கள் வீட்டில் குறைந்தது.

பெட்டி சென்னை நண்பரிடம் வாங்கிய இரவல். காரணம் என் மச்சான். சுற்று வட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, தேர் எல்லாவற்றையும் 4கே-யில் பிடித்து வந்து, பழைய ஹார்ட் டிஸ்க் நாஸில் கொட்டுபவன். "மாமா, அது கரகரங்குது, ஃப்ளாஷுக்கு மாறிடலாம்" என்று நச்சரித்தான். வாங்குமுன் சோதிப்போம் என்றேன். அவன் முகம் வாடியது.

இந்த ரகம் நிஜமாகவே ஆசை காட்டும் சாமான். 2023-ல் வந்த அசுஸ்டார் ஃப்ளாஷ்ஸ்டோர் 12 புரோவை எடுத்துக்கொள்ளுங்கள்: 12 எம்.2 எஸ்.எஸ்.டி. செருகலாம், 10 ஜிகாபிட் போர்ட் உண்டு. உள்ளே இருக்கும் இன்டெல் செலரான் என்5105 சிப்புக்கு மொத்தமே 8 பி.சி.ஐ.இ. பாதைகள்தான். பன்னிரண்டு மாட்டுக்கு எட்டு முளைக்குச்சி. சமாளித்துக் கட்டிவிடலாம், ஆனால் எந்த மாடும் முழு வேகத்தில் ஓடாது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். வேகம் செத்துப்போவது பெட்டிக்குள் அல்ல, வெளியே வரும் வயரில்.

எங்கள் வீட்டு ரூட்டர் ஒரு ஜிகாபிட். கணக்குப்படி நொடிக்கு 125 எம்.பி., கைக்கு வருவது 110 சொச்சம். 200 ஜி.பி. முகூர்த்தம் ஒன்றைக் காப்பி செய்தோம். அரை மணி நேரம். அதையே பழைய ஹார்ட் டிஸ்க் நாஸிலும் செய்தோம். அதே அரை மணி நேரம். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது, அப்ப எதுக்கு அவ்ளோ துட்டு?" என்றார். மூன்று மணி நேர யூடியூப் விமர்சனங்கள் சொல்ல வந்ததும் இதுதான்.

பெட்டிக்காக மச்சான் வாதாடினான், அதிலும் நியாயம் இருந்தது. எடிட் செய்யும்போது தாலி கட்டும் இடத்துக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் தாவித் தாவிப் போக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொரு தாவலுக்கும் பத்து மில்லிசெகண்ட் அளவில் தேடும். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆயிரக்கணக்கான போட்டோக்களின் குட்டிப் படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் வரிசைகட்டி நின்றன. 10 ஜிகாபிட் கார்டும் சுவிட்சும் சேர்ந்தால் அந்த முகூர்த்தம் நாலு நிமிஷத்தில் வந்துவிடும். அந்தச் செலவைச் சொன்னதும் மச்சான் ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பில் ஒரு சுதி இருப்பதாகக் கண்டுபிடித்தான்.

அடுத்து வெயில். எம்.2 எஸ்.எஸ்.டி.கள் 70, 80 டிகிரியைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரியில் எங்கள் ஊர் ஆட்களும் அப்படித்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. என்னை உலுக்கியது வேறொன்று. ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி, எழுதி எழுதித் தேய்ந்து ஆயுளின் எல்லைக்கு வந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காப்பாற்றினால் போதும். சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். 30 டிகிரி என்பது எங்களுக்கு மார்கழி மதியம்.

கரண்டை நம்பாத சேமிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுதும் வேகம் படுமோசம். ஒரேயொரு தடவைதான் எழுதலாம். ரான்சம்வேர் பாச்சா பலிக்காது. பதினோரு நூற்றாண்டாகக் கரண்டே இல்லாமல் படிக்க முடிகிறது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் கூடாது என்கிறது அதில் ஒரு விதி. நாஸ் வாங்கவும் அது செல்லும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்திருந்து, கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும். அந்த வசதியில்லாத பெட்டியின் ஓலையைக் குடத்தில் போடவே வேண்டாம்.

கரண்ட் விஷயம் தனி. சாதாரண எஸ்.எஸ்.டி.களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் போகும் கணத்தில் கைகொடுக்கும் கெப்பாசிட்டர் கிடையாது. கரண்ட் மாறும் நொடியில் பெட்டி அணையாமலிருக்க, இன்வெர்ட்டருக்குப் பின்னால் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிவிடுங்கள். நாங்கள் பார்த்தபோது அங்கே ஒரு பல்லி குடியிருந்தது.

ஆகவே தீர்ப்பு. வீட்டுப் போட்டோவுக்கும் சினிமாவுக்கும் ஃப்ளாஷ் பெட்டி வேண்டாம். அதே இடத்துக்குப் பல மடங்கு விலை. இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட பழைய பெட்டியும், இன்னொரு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காப்பியும் போதும். டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு காப்பி ஆகாது. இடி விழுந்தால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே போகும். வீடியோ எடிட்டிங்தான் சோறு போடுகிறதென்றால் தாராளமாக வாங்கலாம், முதலில் வயரையும் சுவிட்சையும் மாற்றிவிட்டு. காசு கட்டுமுன் சுவரோரம் ஓடும் வயரைப் புரட்டி, மேலே கேட் 5ஈ என்றிருக்கிறதா, 10 ஜிகாபிட்டுக்கு உகந்த கேட் 6ஏ என்றிருக்கிறதா பாருங்கள். கல்வெட்டைவிடப் பொடி எழுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.