துரைக்குப் பதக்கம், பல்லேடியத்துக்கு நாமம்

முக்கொம்புக்குப் புளியோதரைப் பொட்டலத்தோடு போகிறவர்களுக்கு, 1836-இல் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனைத் தெரியும். அதற்கு முப்பது வருஷம் முந்தி லண்டனில் கூத்தடித்த இன்னொரு துரையைத் தெரியாது. அந்தக் கூத்திலும் காவிரிக்கரைப் பக்கத்துப் பாறைக்குப் பங்குண்டு.

ரிச்சர்ட் செனவிக்ஸ், ஐரிஷ்காரர், ரசாயனத்தில் புலி. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் வந்திருந்த பூர்னோன் பிரபு, கர்னாடிக் சீமையின் குருந்தக் கற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றைச் சோதித்து 1802-இல் கட்டுரை எழுதியவர் செனவிக்ஸ். குருந்தத்தோடு ஒட்டிவந்த வெளிர்பாறைக்கு ‘இண்டியனைட்’ என்று நாமகரணமும் நடந்தது. பெற்றது நாம், பேர் வைத்தது பிரெஞ்சுக்காரர்! நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தம் பதிந்திருப்பது இந்த ரகப் பாறையில்தான்.

அதே 1802, அதே லண்டன். பிளாட்டினத் தாதுவைக் கரைத்த வில்லியம் ஹைட் வொல்லாஸ்டனுக்குப் பல்லேடியம் என்ற புது உலோகம் கிடைத்தது. வேறொருவர் என்றால் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்து மாலை போட்டுக்கொண்டிருப்பார். இவர் மறுவருஷம் பேர் போடாமல் நோட்டீஸ் அடித்து, சோஹோவில் ஒரு கடையில் பல்லேடியத்தைத் துண்டு போட்டு விற்க வைத்தார். மொட்டைக் கடுதாசி கேட்டிருக்கிறோம். இது மொட்டை உலோகம்.

செனவிக்ஸுக்கு மூக்கில் வியர்த்தது. கடைச் சரக்கை மொத்தமாக வாங்கி, உருக்கி, கரைத்து, “பிளாட்டினத்தில் பாதரசம் கலந்த டூப்பு” என்று தீர்ப்பெழுதினார். ராயல் சொசைட்டி அந்த வருஷமே கோப்ளி பதக்கத்தை அவருக்குச் சூட்டியது. வொல்லாஸ்டன் அசரவில்லை. அந்த டூப்பைச் செய்து காட்டினால் இருபது பவுன் பரிசு என்று மறுபடியும் பேர் போடாமல் அறிவித்தார். ஒருத்தரும் வரவில்லை. 1805-இல் “அடியேன்தான்” என்று வெளியே வந்தார். கோப்ளி பட்டியலில் 1803-க்கு நேரே இன்றும் இருப்பது செனவிக்ஸ் பெயர்தான்.

பல்லேடியத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். பாறைக்குழம்பு ஆறும்போது கந்தகத்துளி எங்கே பிரிகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சைபீரியாவின் நோரில்ஸ்கில் வைசோட்ஸ்கைட், தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் பிராகைட் எல்லாம் அப்படி உண்டான அபூர்வ சல்பைடுகள். சித்தம்பூண்டிப் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. அதன் குரோமைட் பட்டைகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பிளாட்டின இனத்தைத் தேடியது. பல்லேடியத் தடமும் கிடைத்தது. நடுவில் இஸ்ரோ வந்து, அங்கத்துப் பாறையை டன் கணக்கில் அள்ளிப்போய்ப் பொடியாக்கி, சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் செய்துகொண்டது.

பல்லேடியத்துக்கென்று ஒரு சுரங்கம் இந்தியாவில் இதுவரை இல்லை. கார் புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கு வேண்டியதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம்.