பையோட வா, பேராண்டி

வாடா பேராண்டி, குந்து. அந்தப் போனை அப்பால வையி. அது ஒண்ணும் கயித்த அறுத்துக்கிட்டு ஓடற கன்னுக்குட்டி இல்ல.

நேத்து சாயந்திரம் திண்ணையில நின்னுக்கிட்டு, "தாத்தா, நம்ம காலேஜு பொண்ணுங்க ஹாக்கி டீமுக்கு மொத ரவுண்டுல பை கெடைச்சிருக்கு"ன்னு குதிச்சியே, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சி. யாரோ ஒரு புண்ணியவான் துணிப்பை குடுத்திருக்கான், பொண்ணுங்க ஷூவும் சட்டையும் வெச்சிக்க ஆவும்னு நெனைச்சன். அப்பறம் விசாரிச்சாத்தான் தெரியுது, பைன்னா ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போறதாம். அடப்பாவி, நம்ம ஊருல அதுக்குச் சிபாரிசுன்னுல்ல பேரு!

ரசிகனாயிட்டன்னு வேற சொல்ற. நல்லது. கெழவன் நாலு புத்தி சொல்றன். புடிச்சா எடுத்துக்க, புடிக்கலன்னா மாட்டுத் தவிட்டுல கலந்துடு.

மொதல்ல ஏணியத் தெரிஞ்சிக்க. பெரம்பலூரு, அரியலூரு கலைக் கல்லூரிங்க திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது. காலேஜும் காலேஜும் மோதுறது அடிப்படி. அதுல நல்லா ஆடற புள்ளைங்களப் பொறுக்கிப் பல்கலைக்கழக டீமு கட்டுவாங்க. அது தென்மண்டலத்துக்குப் போவும். அங்க தேறி வர நாலு டீமுதான் அகில இந்தியப் போட்டிக்கு. முதலமைச்சர் கோப்பைங்கறது வேற ஏணி: மாவட்டம், மண்டலம், மாநிலம்னு ஏறணும். அதுல காலேஜு புள்ளைங்களுக்குத் தனிப் பிரிவே இருக்குது.

இதுல ஒனக்கு ஒரு சங்கடம் வரும். காலேஜு ஆட்டத்துல எதிர்க்கச்சியில ஆடினாளேன்னு ஒரு பொண்ணுக்கு நீ பட்டப்பேரு வெச்சிக் கத்தியிருப்ப. மறு மாசம் அவ பல்கலைக்கழகச் சட்டையப் போட்டுக்கிட்டு நம்ம டீமுக்கு வந்து நிப்பா. அப்ப அந்தப் பட்டப்பேர எங்க கொண்டுபோய் ஒளிப்ப? தேர்தல் கூட்டணியில இதெல்லாம் சகஜந்தான். ஆனா அவனுங்க கொள்கைய மாத்துவானுங்க, இந்தப் பொண்ணு மாத்தினது சட்டைய மட்டுந்தான். அதனால வாய அளந்து தொற.

ரெண்டாவது, ஆட்டத்தக் கத்துக்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், பாக்கத் தெரியாதவன் அம்பயர் கோணல்னானாம். நாலு கால் ஆட்டம், காலுக்குப் பதினஞ்சு நிமிசம். ஸ்டிக்குல ஒரு பக்கந்தான் தட்டை, அந்தப் பக்கத்தாலதான் பந்தத் தொடணும். முதுகுப் பக்கம் பட்டா தப்பு. ரெண்டு பக்கமும் தட்டலாம்னா அது ஸ்டிக்கு இல்ல, கல்யாண வீட்டு மேளம். கோலுக்கு முன்னால டின்னு ஒரு அரைவட்டம் இருக்கும், அந்த டிக்குள்ள வந்து அடிச்சாத்தான் கோலு. அதுக்கு வெளிய நின்னு வானத்துக்கும் பூமிக்கும் அடிச்சாலும் கணக்குல வராது. தடுக்கறவ கால்ல டிக்குள்ள பந்து பட்டுச்சின்னா பெனால்டி கார்னரு. நீ உடனே "ஐயோ, வேணும்னே செஞ்சா"ன்னு பொங்காத. அந்தப் பந்து 160 கிராம் வாக்குல, கல்லு மாதிரி இருக்கும். வேணும்னு கால நீட்டறவ யாருன்னு ஒரு தடவ நீட்டிப் பாத்துச் சொல்லு.

அட்டை மூணு நிறம். பச்சை காட்டுனா ரெண்டு நிமிசம் வெளிய குந்தணும். மஞ்சளுன்னா அஞ்சு நிமிசத்துக்குக் கொறையாது. செவப்புன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுப் போவ வேண்டியதுதான். இது எனக்குப் பாத்த மாத்திரத்துல வெளங்கிடுச்சிடா. ஒன் ஆயா அம்பது வருசமா எனக்குப் பச்சைதான் காட்டுறா. ரெண்டு நிமிசம் வாசல்ல குந்திட்டு உள்ள போவேன், சோறு போடுவா. மஞ்சளு பாத்தது ஒன் பெரியத்தை கல்யாணத்தப்ப. செவப்ப இன்னும் பாக்கல, பாக்கவும் ஆசை இல்ல.

மூணாவது, எடம். கோலுக்குப் பின்னால நின்னா போட்டோ நல்லா வரும்னு சொல்லுவ. பல்லும் வரும், கையில. மைதானத்துக்கு நடுவாக்குல, ஒரு வேப்பமரமோ புங்கமரமோ பாத்து ஒதுங்கு. அங்க நின்னாத்தான் பந்து போற வழியும் தெரியும், எந்தப் பொண்ணு பந்தே கெடைக்காம ஓடி ஓடி எதிரி போற வழிய அடைக்கிறாங்கறதும் தெரியும். கோலு போட்டவளுக்குக் கை தட்ட ஊரே இருக்குது. வழி அடைச்சவளுக்குத் தட்ட ஆளு இல்லாம கெடக்குது. அந்த உத்தியோகத்த நீ எடுத்துக்க, போட்டியே கெடையாது.

இன்னொண்ணு. மண்ணுல பழகின புள்ளைங்க பெரிய போட்டிக்குப் போனா செயற்கைப் புல்லுல ஆடணும். தண்ணி அடிச்சி நனைச்ச புல்லுல பந்து வழுக்கிக்கிட்டு அம்பாப் பாயும். நம்ம சீமை பல கோடி வருசத்துக்கு முன்னால கடலா இருந்ததாம், சாத்தனூருல மரமே கல்லாக் கெடக்குது. அப்பேர்ப்பட்ட தரையில எகிறி எகிறி வர பந்த நிறுத்திப் பழகுனவளுக்கு, வழுக்குற தரை மொத பத்து நிமிசம் கண்ணக் கட்டும். அதுக்குள்ள ரெண்டு கோலு வாங்கிட்டா "டீமு சரியில்ல"ன்னு போன்ல தட்டிவுடாத. ஒன்ன வயலுலேருந்து தூக்கி ஐஸ் மேல வுட்டா நீ நிப்பியா?

ஐஸுன்னதும் ஞாபகம் வருது. ஒங்க சித்தப்பன் மவன் அமெரிக்காவுலேருந்து சொன்னான், அங்க காலேஜு ஹாக்கின்னா ஐஸ் மேலதானாம். 2025 மார்ச்சுல மினியாபொலிஸ்ல பொண்ணுங்க இறுதி ஆட்டம், விஸ்கான்சினும் ஒஹாயோ ஸ்டேட்டும். விஸ்கான்சின் 2-3ன்னு பின்னால கெடக்குது. மிச்சம் 18.9 விநாடி. அப்ப ஒரு பெனால்டி ஷாட்டு. கிர்ஸ்டன் சிம்ஸ்னு ஒரு பொண்ணு போட்டுச் சமன் பண்ணிட்டா. கூடுதல் நேரத்துல செயிச்சுக் குடுத்த கோலும் அவளுதே. விஸ்கான்சினுக்கு அது எட்டாவது பட்டம். இருபது விநாடி இருக்கறப்பவே கூட்டத்துக்கு முன்னால வண்டிய எடுத்துடலாம்னு எழுந்தவன் ஒருத்தனாவது இருந்திருப்பான்ல? அவன் ஒனக்குச் சொந்தக்காரனாத்தான் இருப்பான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல பாஸ்கரன் தலைமையில ஆம்பளைங்க தங்கம் வாங்குனத நானும் ஊரெல்லாம் சொல்லியிருக்கன். அதே மாஸ்கோவுலதான் ஒலிம்பிக்ல மொத மொதல்ல பொம்பளைங்க ஹாக்கிய வெச்சாங்க. நம்ம பொண்ணுங்க நாலாவது வந்தாங்க. அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, ஏன்னா எனக்கே தெரியாது. 2021ல டோக்கியோவுல ஆஸ்திரேலியாவ 1-0ன்னு சாச்சிட்டு, பிரிட்டன்கிட்ட 3-4ன்னு தோத்து, மறுபடி நாலாவது வந்தப்பத்தான் நாட்டுக்கே கண்ணுல தண்ணி வந்துச்சி. நாப்பது வருசம் கழிச்சி வந்த தண்ணிடா அது. கல்லணையில தொறந்தது கடைமடைக்கு வராப்புல.

நம்ம அரியலூரு பையன் கார்த்தி கதையப் பாரு. 2022ல ஜகார்த்தாவுல ஆசியக் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிரா, இந்தியாவுக்காக ஆடின மொத ஆட்டத்துலயே கோலு, ஆட்டம் 1-1. மறுநாளு அரியலூரு டீக்கடையில பாதிப் பேரு அவனுக்கு மாமன், மீதிப் பேரு சித்தப்பன். நானே கூட ஒரு பங்காளி மொறை கண்டுபுடிச்சி வெச்சிருந்தன், ஒன் ஆயா பச்சை அட்டை காட்டுனதால வெளிய சொல்லல. ஆனா அந்தப் புள்ள அரை டவுசரோட ஸ்டிக்கத் தூக்கிக்கிட்டுப் போனப்ப இந்த மாமனுங்க எங்க இருந்தாங்க? நாளைக்கி நம்ம பொண்ணு ஒருத்தி போடுவா. அன்னிக்கிப் புது மொறை தேடி அலையாம, இப்பவே போய் நின்னு சொந்தமாயிடு. இறுதி ஆட்டத்துக்குத்தான் வருவன்னு சொல்றவன் ரசிகன் இல்லடா, பந்திக்கு வரவன்.

பயணத்துக்கு வருவம். பெரம்பலூருக்கு ரயிலு கெடையாது. ரயிலு ஏறணும்னா அரியலூரு போவணும், அந்தப் பெருமைய அரியலூருக்காரன் சாவற வரைக்கும் வுட மாட்டான். நம்ம ஆட்டம் திருச்சியில, அதனால பஸ்ஸுதான். சிறுவாச்சூரு வழியாப் போவும். மதுரகாளிய வேண்டிக்கலாம்னு பாத்தா ஆட்டம் செவ்வாக்கெழமை. அவ திங்களும் வெள்ளியுந்தான் கதவத் தொறப்பா. ஆவ, செவ்வாக்கெழமைக்குச் சாமியும் இல்ல, மைதானத்துல கூட்டமும் இருக்காது. நீ ஒருத்தன் போனீன்னா அந்தப் புள்ளைங்களுக்கு அதுவே பெருசு. வகுப்ப வுட்டுட்டு ஆடப் போறதுக்கு ஓ.டி. கையெழுத்து வாங்க நாலு நாளு அலைஞ்சி, பரீட்சைக்குப் பஸ்ஸுல படிச்சிக்கிட்டுப் போவுதுங்கடா அதுங்க.

என்னா முழிக்கிற? காலையில அஞ்சரைக்கெல்லாம் எழுந்திருக்கணுமேன்னா? நீ தூங்கு. வெயிலு ஏறினப்பறம் எழுந்து போன்ல ஸ்கோரு தேடு. எவனாவது போட்டிருந்தா பாத்துக்க. போடலன்னா சாயந்திரம் வா, நான் சொல்றன்.

ஆமாண்டா, நான்தான். மூணு வருசமாப் போறன். ஒன் ஆயாகிட்ட ஒரம் வாங்கப் போறன்னு சொல்லிட்டு. வேப்பமரத்துக்கு அடியில இருக்கற கல்லு எனக்குன்னே தேஞ்சி கெடக்குது.

வரதா இருந்தா சன்னலோரம் துண்டு போட்டு எடம் புடிச்சி வெக்கிறன். வரப்ப மறக்காம ஒரு பை எடுத்துக்க. அவங்க குடுக்கற பை இல்லடா, நம்ம பை. அதுல எலுமிச்சம்பழம் பத்து, உப்பு ஒரு பொட்டணம், அந்தப் பெரிய தண்ணித் தூக்கு. இடைவேளையில புள்ளைங்களுக்குக் கரைச்சிக் குடுக்கறது என் வேலை.

ஒரம் வாங்கப் போறவனுக்கு எலுமிச்சம்பழம் எதுக்குன்னு ஆயா கேட்டா, பதிலு நீ சொல்லு. காலேஜு படிச்சவன் நீதான.