பலிக்காத டப்பா நல்ல டப்பா

டப்பாவைத் துண்டுக்குள்ள சொருகாதீங்க மாப்ளெ, பாத்துட்டேன். என்ற தங்கச்சி நேத்தே போன்ல சொல்லிட்டா. "அண்ணா, உங்க மாப்ளெ டிவியப் பாத்து மூட்டுவலிக்கு மூலிகை கேப்சூல் தருவிச்சுட்டாரு. மூணு மாசக் கோர்ஸாம். வெலையக் கேட்டா மட்டும் காது கேக்க மாட்டேங்குது"ன்னா. வெலைய நானும் கேக்கலீங்க. வலியில இருக்கற மனுசங்கிட்ட வெலை கேக்கறது பாவம். இக்கட்டக் குடுங்க, கண்ணாடியப் போட்டுட்டு சித்த படிச்சுப் பாக்கறேன்.

அடேங்கப்பா! "5000 வருடப் பாரம்பரியம்"னு மேல போட்டிருக்கான். அதுக்குக் கீழயே "புதிய பார்முலா"ங்கறான். நரைச்ச தாடியோட சித்தர் படம் ஒண்ணு, பக்கத்துல வெள்ளைக் கோட்டு மாட்டுன பையன் ஒருத்தன். போகர் பேரும் இருக்குது. பழனிமலை நமக்குப் பக்கந்தானுங்க. வருசா வருசம் காவடி எடுத்துட்டு நடந்து போற நம்மகிட்ட வாயே தொறக்காத போகர், எங்கியோ கால் சென்டர்ல குந்தியிருக்கற பிள்ளைகிட்ட மட்டும் ரகசியத்த ஒப்பிச்சிருக்காரு பாருங்க!

கழுத்து, முதுகு, இடுப்பு, முட்டி, குதிகால் எல்லாத்துக்கும் இதே டப்பாதானாம். தேய்மானத்துல வர்ற வலி வேற. யூரிக் ஆசிட் ஏறி ராத்திரியில கால் கட்டைவிரல் வீங்கறது வேற. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரம் விரல மடக்க முடியாம சின்னச் சின்ன மூட்டெல்லாம் வீங்கற முடக்குவாதம் வேற. அந்த முடக்குவாதத்துக்கு ஆரம்பத்துலயே டாக்டரப் பாக்காம டப்பா டப்பாவா முழுங்கிட்டிருந்தா, மூட்டு கோணிப் போனதுக்கப்பறம் எந்தச் சித்தராலயும் நிமுத்த முடியாது. இந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்கு எந்த வலின்னு கேட்டானா? முட்டியத் தொட்டுப் பாத்தானா? அட்ரஸ் மட்டும் நெம்பத் தெளிவாக் கேட்டிருக்கான். அரசு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கற சித்த டாக்டர்கூட நாடியப் பாத்து, நாக்கப் பாத்து, என்ன மாத்திரை தின்னறீங்கன்னு கேட்டுட்டுத்தான் சீட்டு எழுதறாரு. அவரு டிவியில வர்றதில்ல, அதனால நமக்கு அவரு மேல நம்பிக்கையில்ல.

டப்பாவப் பின்னால திருப்புங்க. பொடி எழுத்து, பேத்தியக் கூப்புடறேன், அது பார்மசி படிக்குது. என்ன சாமி எழுதியிருக்குது? "மருந்தா உபயோகிக்கறதுக்கு அல்ல"ன்னு இங்கிலீசுல போட்டிருக்குதாம். போட்டுத்தான் ஆகணுமாம். இந்தச் சத்து மாத்திரையெல்லாம் மருந்துக் கணக்குல வராது, சாப்பாட்டுக் கணக்குல வரும்னு சொல்லுது புள்ள. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2016 விதி அப்படி. முன்பக்கம் முட்டியப் படம் போட்டு மின்ன வெச்சிருக்கான், பின்பக்கம் மருந்தே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கான். கம்பெனிக்காரன் யோக்கியன் மாப்ளெ. உங்களுக்குத்தான் டப்பாவத் திருப்பற பழக்கமில்ல.

அப்பறம் இதென்ன, குளுக்கோசமைன்? மூலிகைக்கு நடுவுல இது எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் எறா ஓடு, நண்டு ஓட்டுல இருந்துதான் எடுக்கறாங்களாம். புரட்டாசி மாசம் முட்டை வெந்த பாத்திரத்தக்கூடப் பொடக்காளியில கவுத்து வெக்கச் சொல்ற ஆளு நீங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எறா ஓட்ட முழுங்கிட்டிருக்கீங்க. பெருமாள்கிட்ட நான் சொல்ல மாட்டேன். பேத்தி சொன்னா என்னையக் கேக்காதீங்க.

"பலன் தெரியுது மச்சான்"ங்கறீங்க. தெரியும், தெரியாம என்ன? அமெரிக்காவுல அரசாங்கமே காசு போட்டு இந்தக் குளுக்கோசமைனையும், இதோட சோடி சேர்ற காண்ட்ராய்ட்டினையும் சோதிச்சு, 2006-ல முடிவ வெளியிட்டாங்க. முட்டிவலிக்காரங்க 1,583 பேரு, 24 வாரம். சில பேருக்கு நெச மாத்திரை, சில பேருக்கு உள்ள ஒண்ணுமே இல்லாத வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு தின்னவனுக்கும் தெரியாது, குடுத்தவனுக்கும் தெரியாது. வெத்து மாத்திரை தின்னவங்கள்லயே நூத்துக்கு 60 பேரு, வலி அஞ்சுல ஒரு பங்காவது கொறஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. நெச மாத்திரை ரெண்டையும் சேத்துத் தின்னவங்கள்ல 67 பேரு. அந்த ஏழு பேரு வித்தியாசம் தற்செயலாக்கூட வரும்னு கணக்குப் பாத்தவங்க தள்ளிட்டாங்க.

அந்த அறுவது பேரு பொய் சொல்லலீங்க. வலின்னா ஏறும், எறங்கும். நாம எப்ப போன எடுத்து ஆர்டர் குடுக்கறோம்? வலி உச்சாணிக் கொம்புல உக்காந்திருக்கறப்ப. அதுக்கு மேல போக எடமில்ல, எறங்கித்தான் ஆகணும். அது எறங்கற வாரம் கையில எந்த டப்பா இருக்குதோ அதுக்குப் பேரு. அதுலயும் வெலை சாஸ்தியா இருந்தா நம்பிக்கையும் சாஸ்தி. இத்தினி காசு குடுத்துட்டு வலி கொறையலைன்னு தங்கச்சிகிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? டிவியில சாட்சி சொன்ன அம்மிணியையும் நான் பாத்தேன். போன மாசம் முடி கொட்டற எண்ணெய்க்கும் அதே அம்மிணிதான் வந்து அழுதுச்சு. பாவம், அதுக்கு வராத நோயே இல்ல.

சட்டமில்லையான்னு கேக்கறீங்களா? 1954-லயே போட்டுட்டாங்க. 54 நோயப் பட்டியல் போட்டு, இதெல்லாம் குணமாகும், தணியும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுங்கற சட்டம். மூட்டுவாதம் அந்தப் பட்டியல்ல இருக்குது. அதனாலதான் விவரமான ஆளுக "நோய்"ங்கற வார்த்தையவே தொட மாட்டாங்க, "மூட்டு ஆரோக்கியத்துக்கு ஆதரவு"ன்னு பேசுவாங்க. 2024-ல பதஞ்சலிக்காரங்க விளம்பரத்துக்காகச் சுப்ரீம் கோர்ட்டுல நின்னப்ப, 67 பேப்பர்ல மன்னிப்பு போட்டுட்டோம்னு சொன்னாங்க. ஜட்ஜம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? விளம்பரம் என்ன சைசுல குடுத்தீங்களோ அதே சைசுலயா மன்னிப்பும் போட்டீங்கன்னு கேட்டாங்க. மறுநாளே மன்னிப்பு பெருசாயிருச்சு. அன்னைக்கு டீக்கடையில பேப்பரப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கீழ விழுந்துருச்சுங்க.

டப்பாவுல மஞ்சளும் இருக்குதுங்கறீங்களா? மஞ்சளப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசாதீங்க. காலிங்கராயன் வாய்க்காத் தண்ணியில மஞ்சக்காடு வெச்சுத் தலை நரைச்சவன் நான். தோண்டி, வேக வெச்சு, காய வெச்சு, பாலீஷ் போட்டு மண்டிக்குக் கொண்டு போனா, யாவாரி என்ன பண்றான்? விரலிய எடுத்துப் படக்குனு ஒடிச்சு உள் நெறத்தப் பாக்கறான், ஈரம் இருக்குதுங்கறான், வண்டுங்கறான், வெலையக் கொறைக்கறான். 2019-ல ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்ததுக்கப்பறமும் அவன் ஒடிச்சுப் பாக்கறத நிறுத்தல. அதே மஞ்சள் கேப்சூலுக்குள்ள பூந்து திரும்பி வந்தா, அத ஒடிச்சுப் பாக்க நாட்டுல ஒரு நாதி இல்ல.

மஞ்சளுக்கு வீரியமே இல்லைன்னு நான் சொன்னனா? சொல்லலீங்க. தாய்லாந்துல 2014-ல வெளியான சோதனையில, முட்டித் தேய்மானம் இருக்கற 367 பேர ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு இபுப்ரூஃபன், மறுபக்கத்துக்குச் சத்தப் பிரிச்செடுத்த மஞ்சள் 1,500 மில்லிகிராம்னு நாலு வாரம் குடுத்தாங்க. மஞ்சள் தோக்கல. ஆனா அது பிரிச்செடுத்த சத்து. நம்ம காட்டு மஞ்சப்பொடியில குர்க்குமின் நூத்துக்கு மூணோ நாலோதான் இருக்கும். 500 மில்லிகிராம் கேப்சூல்ல வெறும் பொடிய அடைச்சிருந்தா, உள்ள இருக்கற குர்க்குமின் 15, 20 மில்லிகிராம். தாய்லாந்துக்காரன் குடுத்த அளவுக்கு வரணும்னா டஜன் டஜனா முழுங்கோணும். உங்க டப்பாவுல சத்தா, பொடியான்னு போட்டிருக்குதா? "மஞ்சள்"னு மட்டும் இருக்குது. அந்த வார்த்தைக்கு நான் மண்டியில அஞ்சு பைசா வாங்க முடியாது.

செரி, சத்தாவே வாங்கித் திங்கலாம்னு கெளம்பீராதீங்க. குர்க்குமின் ஒடம்புல லேசுல ஏறாது, அதனால மிளகுல இருக்கற பைப்பரினச் சேத்து ஏத்தி விடறான். அப்படிக் கெட்டியாத் தின்னவங்கள்ல சில பேருக்கு ஈரல் வீங்கிக் கண்ணு மஞ்சளாப் போச்சு. இத்தாலியில 2019-ல இந்தக் கதை வெளிய வந்துச்சு, 2023-ல ஆஸ்திரேலியா மருந்துக் கட்டுப்பாட்டுக்காரங்களும் எச்சரிக்கை விட்டாங்க. கொழம்புல போடற மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை கெடையாதுங்க. அத ஆத்தா கை அளவுக்குப் போட்டுக்கலாம். நெஞ்சுக்கு ரத்தம் இளக்கற மாத்திரை தின்னற நீங்க, சத்துன்னு எத முழுங்கறதா இருந்தாலும் டாக்டர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு முழுங்குங்க.

போகட்டும், ரத்தம் இளக்கற மாத்திரையோட இது சேருமான்னு டாக்டர் பாத்துக்கட்டும், மத்தபடி இந்த டப்பாவால உங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது, காசு மட்டும் ஆகும். எனக்கு வெசனம் இதப் பத்தி இல்லீங்க மாப்ளெ. சந்தையில யாரோ ஒரு ஆளுகிட்டக் கறுப்பு மாத்திரை வாங்கினீங்களாமே, காகிதப் பொட்டலத்துல? மூணே நாள்ல வலி பறந்துருச்சு, மாடிப்படி ஏறுனேன்னு ஒறம்பரைக்கெல்லாம் போன் போட்டீங்களாமே? தங்கச்சிக்கு வேற ஒரே சந்தோசம். "அண்ணா, அவருக்கு இப்ப நல்லாப் பசிக்குது, கன்னமெல்லாம் பூரிச்சு மாப்ளக் களை வந்துருச்சு"ன்னு சிரிக்கறா. எனக்கு அங்கதான் வயித்தக் கலக்குச்சு.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில தரகன் பண்ற வேல உங்களுக்குத் தெரியும். முந்தின நாளு பால் கறக்காம விட்டு, மடி பொடைச்சு நிக்கற மாட்டக் கொண்டாந்து கட்டுவான். வாங்குனவன் ஊட்டுக்குப் போய்ச் சொம்பத் தூக்குனாத்தான் சேதி தெரியும். மூணு நாள்ல வேல செய்யற மூலிகையும் அந்தச் சாதிதான். உள்ள ஸ்டீராய்டத் தூள் பண்ணிப் போட்டிருப்பான். நம்ம நாட்டுலயும் நாட்டு மருந்துன்னு வித்த பொட்டலங்கள்ல பல தடவை கண்டுபிடிச்சிருக்காங்க. 2022-ல அமெரிக்காவுலயே "ஆர்ட்ரி கிங்"னு ஒண்ணு, மஞ்சளும் செந்தட்டி வகைச் செடியும் குளுக்கோசமைனும்னு சொல்லி வித்தது. அரசாங்கம் பிரிச்சுப் பாத்தா உள்ள டெக்சாமெத்தசோன், டைக்ளோபினாக். லேபிள்ல ரெண்டு பேரும் இல்ல. தின்னவங்கள்ல ஈரல் கெட்டவங்க உண்டு, செத்தவங்களும் உண்டுன்னு அறிக்கை விட்டாங்க.

ஸ்டீராய்டு கெட்ட சாமான் இல்லீங்க. டாக்டர் அளந்து குடுத்தா உசுரக் காப்பாத்தும். அளக்காமத் தின்னா பசி எடுக்கும், கன்னம் உப்பும், சக்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள்ள கரையும், இடுப்புல சேர்ற தொடை எலும்போட தலைப்பாகம் செத்துப் போகும். முட்டிவலிக்குத் தின்னு இடுப்ப மாத்தப் போறதுக்கு எதுக்கு இந்தச் சோலி? அதனாலதான் சொல்றேன், இந்த டிவி டப்பா தங்கம். இது பலிக்கல. பலிக்கற பொட்டலத்தப் பாத்துத்தான் பயப்படோணும்.

ஆனா ஒண்ணு. ரோசத்துல அந்தப் பொட்டலத்த வாய்க்கால்ல வீசிட்டு இன்னைக்கே நிறுத்திப் போடாதீங்க. நாள்பட ஸ்டீராய்டு தின்ன ஒடம்பு, தானாச் சுரக்கறத மறந்திருக்கும். சட்டுனு நிறுத்துனா ரத்த அழுத்தம் எறங்கி மயக்கம் போட்டுரும். காலையில மொத பஸ்ஸுக்குப் பெருந்துறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வர்றேன். பொட்டலம், டப்பா, நெஞ்சு மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில போட்டுக் கொண்டாந்து டாக்டர் மேசையில கொட்டிருங்க. சக்கரை பாக்கச் சொல்லுங்க. அவரு திட்டுனா வாங்கிக்குங்க. என்னைவிட மரியாதையாத்தான் திட்டுவாரு.

முட்டிக்கு வழி கேட்டா அவரு சொல்லப்போறதும் எனக்குத் தெரியும், அதுல உங்களுக்கு ருசியே இருக்காது. எடை கொறைங்கம்பாரு. ஒரு கிலோ கொறைச்சா, எடுத்து வெக்கற ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ கொறையுதுன்னு அளந்தே பாத்திருக்காங்க. அப்பறம் தொடைச் சதைய பலப்படுத்தச் சொல்லுவாரு. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல ஊடு தேடி வந்து பிசியோதெரபி சொல்லிக் குடுக்கற ஏற்பாடுகூட இருக்குது. காசு கேக்க மாட்டாங்க, அதுதான் உங்களுக்கு இடிக்குது. மூணு மாசக் கோர்ஸுன்னு பேரு வெச்சு, தவணையில பணம் கட்டுங்கன்னு கேட்டா நாளைக்கே காலத் தூக்குவீங்க. முடக்கத்தான் தோசை, நொச்சித்தழை ஒத்தடம், தைலத் தேய்ப்பு எல்லாம் தங்கச்சி கையால நடக்கட்டும். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, தோசைக்கு என்னையும் கூப்புடுங்க.

அந்தத் தொடைச் சதைக்கு ஒரு வேல இருக்குது, இப்பவே காட்டறேன். நாற்காலியில நிமுந்து உக்காருங்க. வலது கால நேரா நீட்டுங்க, முட்டிச் சில்லு இறுகணும். பத்து எண்ணற வரைக்கும் புடிங்க. பையக் கீழ எறக்குங்க. இப்ப எடது கால். இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க வேண்டாமுங்க. ராத்திரி அந்த வெள்ளைக் கோட்டுப் பையன் டிவியில வந்து அரை மணி நேரம் பேசறானே, அவன் பேசி முடிக்கற வரைக்கும் மாத்தி மாத்தி நீட்டிட்டிருங்க. சத்தத்த மட்டும் கொறைச்சு வெச்சுக்குங்க.