இரண்டு மைக்கில் ஒரு பேண்டு செட்: சிக்கனக்காரருக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் இருப்பவை: ஐந்து டிரம்பெட், நான்கு கிளாரினெட், நான்கு சாக்ஸபோன், மூன்று டிராம்போன், இரண்டு யூபோனியம், ஒரு சைடு டிரம், ஒரு பெரிய டிரம். உங்களிடம் இல்லாதது: பணம். இருப்பதை வைத்து, இல்லாததை வெளியே காட்டாமல், ஓர் ஆல்பம் தயாரிப்பது எப்படி என்று கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன். பணம் உள்ளவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அவர்களுக்கு ஆளுக்கொரு மைக், கண்ணாடி அறை, இன்ஜினியர், அவருக்கொரு உதவியாளர், உதவியாளருக்கு டீ வாங்கிவர ஒரு பையன் என்று எல்லாம் தானாக அமையும்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஸ்டுடியோ வேண்டாம். வாடகை கட்டுப்படியாகிற ஸ்டுடியோவில் ஒரு பாடகரும் அவருடைய தன்னம்பிக்கையும் நிற்கத்தான் இடமிருக்கும். கல்யாண மண்டபம் பிடியுங்கள், அதுவும் மார்கழியில். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மண்டபம் பூட்டிக் கிடக்கும். பேண்டு செட்டும் வேலையில்லாமல் இருக்கும். இரண்டு தரப்பும் பேரத்துக்கு இறங்கி வரும்.

ஆடியிலும் முகூர்த்தம் கிடையாதே என்பீர்கள். ஆடியில் அம்மன் இருக்கிறாள். உங்கள் டிரம்பெட்காரர்கள் ஐந்து பேரும் ஐந்து ஊர்களில் கூழ் ஊற்றும் விழாவில் ஊதிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் உள்ள ஒரே இடைஞ்சல் விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கி. பத்து மணிக்கு மேல் தொடங்கினால் அதுவும் ஓய்ந்துவிடும்.

மண்டப மேனேஜரிடம் ‘ரிக்கார்டிங்’ என்ற சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். சினிமாக்காரர்கள் என்று நினைத்து வாடகையை ஏற்றிவிடுவார். ‘பிராக்டீஸ்’ என்று சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் வாசிப்பைக் கேட்பவர் யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்.

2. மண்டபத்தின் வாயை அடையுங்கள், முழுக்க அல்ல

மொசைக் தரை, டைல்ஸ் பதித்த சுவர், எட்டாத உயரத்தில் கூரை. நீங்கள் ஒரு ஸ்வரம் ஊதினால் மண்டபம் அதை வாங்கிவைத்துக்கொண்டு, நீங்கள் அடுத்ததற்குப் போன பிறகும் விடாமல் பேசும். இதற்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்லும் நண்பர்கள் கிடைப்பார்கள். மெல்லிய ஃபோம் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. மெல்லிய பொருள் மேல் ஸ்தாயியின் பளபளப்பை மட்டும் உறிஞ்சும். பெரிய டிரம்மின் உறுமல் அப்படியே நிற்கும். கீழ் ஸ்தாயியை அடக்கக் கனமும் தடிமனும் வேண்டும்.

அது மாடியிலேயே இருக்கிறது. பெண் வீட்டார் அறையிலும் மாப்பிள்ளை வீட்டார் அறையிலும் உள்ள மெத்தைகளை இறக்கி, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். இடையில் காற்று நின்றால் மெத்தை இன்னும் நன்றாக வேலை செய்யும். தரைக்கு ஜமக்காளம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரொலியே இல்லாத அறையில் பித்தளை வாத்தியம் கோபித்துக்கொண்டதுபோல் ஒலிக்கும். பெரிய டிரம்மை மட்டும் மூலையில் வைக்காதீர்கள். மூலை அதன் ஓசையை இன்னும் ஊதிப் பெரிதாக்கும்.

3. மைக் வாடகைக்காரரிடம் வாய் கொடுக்காதீர்கள்

“பதினெட்டுக் குழலுக்குப் பதினெட்டு மைக் போட்டுறலாம் சார்” என்பார். அவர் பிழைப்பு அது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லி விநாடி ஆகும். ஒரே டிரம்பெட் பதினெட்டு மைக்கிலும் பதினெட்டு வெவ்வேறு நேரத்தில் நுழையும். எல்லாவற்றையும் சேர்த்தால் சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் சோகையாக வரும். தவிர்க்க வேண்டுமென்றால், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் மைக்குக்கும் மைக்குக்கும் வேண்டும் என்பது பழைய விதி. இருபது பேர் அடைந்திருக்கும் மண்டபத்தில் அந்த விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

ஆகவே இரண்டே மைக். ஒரே ரகம். இரண்டின் தலைக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த அளவு இது. மாஸ்டர் நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஆள் உயரத்துக்கும் மேலே தொங்கவிடுங்கள். அவ்வளவு உயர ஸ்டாண்டுக்குத் தனி வாடகை. பந்தல்காரரிடம் ஒரு மூங்கில் கேட்டால் சும்மாவே தருவார்.

தனி ஆவர்த்தனக்காரருக்கு மூன்றாவது மைக் வேண்டுமென்றால் ஷூர் எஸ்.எம்.57 போதும். 1965-இல் வந்தது, இன்றும் மலிவு. அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சு மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பதால் எப்பேர்ப்பட்ட ஊதலையும் தாங்கும். வாயருகே டிரம்பெட் 120 டெசிபலைத் தாண்டும், அதற்கும் அசையாது.

இரண்டு மைக் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், 1987-இல் டொரண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் கௌபாய் ஜங்கீஸ் குழு ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்று ‘தி டிரினிட்டி செஷன்’ ஆல்பத்தைப் பதிந்த கதையைச் சொல்லுங்கள். உங்களிடம் அவர்களைவிட ஒன்று கூடுதல்.

4. மிக்ஸிங்கை நாற்காலியில் செய்யுங்கள்

1925 வாக்கில் மின்சாரப் பதிவு வரும்வரை கிராமபோன்காரர்களிடம் மைக்கே கிடையாது. ஒரு பெரிய தகரக் குழல் இருந்தது. எல்லாரும் அதற்குள் ஊதினார்கள். சத்தம் கூடியவரைப் பின்னால் தள்ளினார்கள், குறைந்தவரை முன்னால் இழுத்தார்கள். அந்தக் கால மிக்ஸிங் முழுவதும் அவ்வளவுதான். உங்கள் மிக்ஸிங்கும் அவ்வளவுதான்.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் எதிரொலியால் அந்த அளவுக்குக் குறையாது. எனவே தாராளமாகத் தள்ளுங்கள். கிளாரினெட் முன்வரிசை. சாக்ஸபோன் அடுத்து, அதன் ஒலி வாயிலிருந்து மட்டுமல்ல, உடம்பிலுள்ள துளைகளிலிருந்தும் வருவதால் மறைக்காமல் உட்கார வையுங்கள். டிராம்போனுக்கு முன்னால் ஸ்லைடு நீளத்துக்கு யாருடைய பிடரியும் இருக்கக் கூடாது. யூபோனியத்தின் வாய் மேலே பார்த்திருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றினால் ஒலி துண்டு துண்டாக நறுக்கப்பட்டு விழும். டிரம்பெட் கடைசி வரிசை.

சிக்கல் இங்கேதான். டிரம்பெட் மாஸ்டர் வயதில் மூத்தவர்.

“முப்பது வருஷமா ஊர்வலத்துல முன்னாடி நின்னு ஊதுறவன் தம்பி நான். என்னையப் போயி கடைசியில…”

“அண்ணே, மத்தவங்க சத்தம் பத்தாதுன்னுதான் முன்னால வச்சிருக்கேன். உங்களுக்கு அந்த அவசியமே இல்லையே.”

அவர் யோசிப்பார். பிறகு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போவார். எந்த மென்பொருளும் தராத 6 டெசிபலை ஒரு வாக்கியத்தில் சம்பாதித்துவிட்டீர்கள்.

5. ஏசியை அணையுங்கள்

இரைச்சலுக்காக மட்டும் அல்ல. சூடு ஏறினால் ஒலியின் வேகம் கூடும், அதோடு குழலின் சுருதியும் ஏறும்: ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சென்ட். காலையில் குளிரூட்டிப் பதிந்த பல்லவிக்கும், மதியம் மின்வெட்டில் வியர்த்துப் பதிந்த சரணத்துக்கும் இடையே பத்து டிகிரி இருந்தால் சுருதி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு அரைஸ்வரம் நகர்ந்திருக்கும். பின்னால் ஒரு கீபோர்டைச் சேர்க்க நினைத்தால், அதற்கு வெயில் தெரியாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு ஆளாளுக்குக் கீபோர்டுக்காரரை முறைப்பார்கள்.

அரை மணி நேரம் ஊதிக் குழல்களைச் சூடாக்குங்கள். அதன் பிறகே சுருதி சேருங்கள். வந்ததும் வராததுமாகச் சேர்க்கும் சுருதி, இரண்டாவது பாட்டுவரைகூட நிற்காது.

6. உதட்டுக்கு மரியாதை கொடுங்கள்

இந்தப் பதிவில் முதலில் தீரப்போவது பேட்டரியோ ஹார்ட் டிஸ்க்கோ அல்ல, உதடு. உச்ச ஸ்தாயியில் கத்தும் பாட்டை முதலில் பதியுங்கள். தாலாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று டேக். நான்காவது டேக் முதலாவதைவிட நன்றாக வந்ததாகத் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், உதடுகள் ஒப்புக்கொள்வதில்லை. குழலில் சேரும் தண்ணீரை வடிக்க இடைவேளை கொடுங்கள், கீழே ஒரு பழைய துணியும் போடுங்கள். ஜமக்காளம் மண்டபத்துடையது. பிரியாணி, வேலை முடிந்த பிறகு மட்டும். முன்னால் பரிமாறினால் பதிவாவது கொட்டாவிதான்.

லெவல் பார்க்கும்போது யார் ஊதுவதையும் நம்பாதீர்கள். ஒத்திகையில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் ஊதுபவர், சிவப்பு விளக்கைக் கண்டதும் பக்கத்து ஊருக்குக் கேட்க ஊதுவார். 24 பிட்டில் வையுங்கள். உச்சம் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ‘மிக்ஸிங்கில் பார்த்துக்கலாம்’ என்பவரை வெளியே அனுப்புங்கள்

இரண்டு மைக்கில் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்றாவது கிளாரினெட்டை மட்டும் தனியே உயர்த்த முடியாது. இது குறைபோலத் தோன்றும். உண்மையில் இருபது பேரும் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், பணக்கார ஸ்டுடியோவில் ஹெட்ஃபோன் மாட்டியவர்களுக்கு வாய்ப்பதில்லை.

இன்னும் பெரிய படை வேண்டுமா? ஹெர்ப் ஆல்பர்ட் 1962-இல் ‘தி லோன்லி புல்’ பாட்டுக்குத் தன் டிரம்பெட் மேலேயே தன் டிரம்பெட்டை மறுபடி பதிந்து ஒருவரை இருவராக்கினார். நீங்களும் இரண்டாவது சுற்று ஊத வைக்கலாம். ஆனால் இடத்தையும் பாகத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய பிசிறு இரண்டு பங்காகும்.

8. சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம்

ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்பது தயாரிப்பாளரின் தத்துவமாக இருக்கலாம். சங்கு ஊதுபவருக்கு அன்று மாலையே சம்பளம் வேண்டும். மைக்கில் குறையுங்கள், பாட்டின் எண்ணிக்கையில் குறையுங்கள், உங்கள் பெயர் அச்சாகும் எழுத்தின் அளவில் கட்டாயம் குறையுங்கள். இருபது பேரின் கூலி, சாப்பாடு, பஸ் காசு ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். ‘ஆல்பம் ஹிட்டானா பார்த்துக்கலாம்’ என்ற வசனம் ஏழாவது விதியிலுள்ள வசனத்தின் அண்ணன்.

ஆல்பம் வெளியானதும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று திரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த மார்கழிக்கு டிரம்பெட் மாஸ்டருக்குப் போன் போடுங்கள். இரண்டாவது மணியிலேயே எடுத்து, “இந்த வாட்டியும் கடைசி வரிசைதானே தம்பி?” என்று கேட்டால் பதிவு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.